தொட்டுத் தின்ன என்ன இருக்கு? பொரித்த கிழங்கின் வரலாறும் கல்குடாவும்

பிரெஞ்ச் பிரைஸுக்கு எது நல்லா ஒத்துப்போகும்? தக்காளி சோஸா, மயோனைஸா, கொச்சிக்காய் சோஸா? எங்கட வயசுக்காரர் நாலு பேர் ஒரு மேசையில இருந்தால் இந்தக் கேள்விக்கு நாலு பதில் வரும். ஒருத்தர் உள்ளி போட்ட மயோவைத் தவிர வேறொண்டும் தொடமாட்டார். இன்னொருத்தருக்கு மிளகுத்தூளும் உப்பும் போதும். இன்னொருத்தர் தக்காளி சோஸையும் கொச்சிக்காய் சோஸையும் ஒண்டாக் கலந்து, அதுதான் உலகத்திலேயே பெரிய கண்டுபிடிப்பு எண்டு சத்தியம் பண்ணுவார்.

யார் சொல்றது சரியெண்ட தீர்ப்பை அந்த மேசைக்கே விட்டுவிடுவோம். நாங்கள் கேட்கிற கேள்வி வேற. அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள்ள இருக்கிற சாமான் எங்கிருந்து, யாருடைய கப்பலில் வந்தது? கல்குடா, பாசிக்குடாப் பக்கத்து மேசைகளில அதுக்கு இடம் கிடைச்ச மாதிரி, எங்கட இடிச்ச சம்பலுக்கு ஏன் கிடைக்கவில்லை?

ஒரு தட்டில் ஒரு குடும்பம்

முதலில் தட்டைப் பார்ப்போம். உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பகுதிப் பயிர். அங்குள்ள மக்கள் பல ஆயிரம் வருசமாப் பயிரிட்டுவந்த கிழங்கை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்ததுதான். மெக்சிக்கோப் பக்கம் பயிராகி, பிறகு உலகம் சுற்றியது. கொச்சிக்காயும் அப்படியே. இந்த மூண்டும் தாவரவியலில் ஒரே குடும்பம், கத்தரிக்காய்க் குடும்பம். சில்லி சோஸும் தக்காளி சோஸும் ஊற்றின பிரைஸ் தட்டு உண்மையில் சொந்தக்காரர் ஒண்டுகூடின கலியாண வீடு மாதிரி.

இந்த இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சங்கடம் வருகிறது. "காரம் எங்கட பாரம்பரியம்" எண்டு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுறம். ஆனா 1500க்கு முந்தி இந்தத் தீவில் கொச்சிக்காய் இல்லை. உறைப்புக்கு மிளகுதான் இருந்தது. புதுசா வந்த காய் மிளகு மாதிரி உறைச்சபடியால் "மிளகாய்" ஆயிற்று. மட்டக்களப்பில் நாங்கள் அதைக் கொச்சிக்காய் எண்டு சொல்லுறம். கொச்சித் துறைமுகத்தின் பெயர் அதுக்குள்ள ஒட்டியிருக்கு எண்ட விளக்கம் பரவலாக உண்டு. மிளகும் கறுவாவும் தேடிக் கப்பலேறின ஐரோப்பியர், மிளகின் இடத்தைப் பிடிக்கப்போகிற காயையும் தங்கட கப்பல்களிலேயே கொண்டுவந்தார்கள்.

கச்சானும் மரவள்ளியும்கூட தென்னமெரிக்கப் பயிர்கள்தான். ஆகவே, "வெளிநாட்டுச் சாப்பாடு வேண்டாம், எங்கட சாப்பாடே போதும்" எண்டு சொல்லுறவங்க கொஞ்சம் கவனமாப் பேச வேணும். எங்கட கறிச்சட்டிக்குள்ள பாதி சாமான் கப்பலில வந்தது.

தக்காளி இல்லாத கெச்சப்

சோஸ் போத்தலின் கதை இன்னும் விசித்திரமானது. கெச்சப் எண்ட சொல்லின் வேர் தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் இருக்கு எண்டு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த மொழியில் அது மீனை உப்பிலிட்டுப் புளிக்கவைத்து எடுத்த சாற்றின் பெயர். தென்கிழக்காசியத் துறைமுகங்களில் வியாபாரம் செய்த ஆங்கிலேயர் அந்தச் சாற்றை ருசி பார்த்துவிட்டு ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1732இல் ரிச்சர்ட் பிராட்லி எண்ட ஆங்கிலேயர் வெளியிட்ட ஒரு கெச்சப் செய்முறை, அது கிழக்கிந்தியாவின் பென்கூலனிலிருந்து வந்ததாகச் சொல்கிறது. பென்கூலன், சுமாத்திராவில் ஆங்கிலேயக் கம்பனிக்கு இருந்த வியாபார நிலையம்.

மறுகா இங்கிலாந்தில் காளானில் கெச்சப் செய்தார்கள், வால்நட்டில் செய்தார்கள். தக்காளி கடைசியாத்தான் வந்தது. 1812இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மீஸ் ஒரு தக்காளிக் கெச்சப் செய்முறையை வெளியிட்டார். ஹைன்ஸ் கம்பனி 1876இல் தன்னுடைய தக்காளிக் கெச்சப்பை விற்கத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரசாயனப் பாதுகாப்புப் பொருட்களுக்கு எதிராக அமெரிக்காவில் பெரிய வாதம் நடந்தபோது, அந்தக் கம்பனி நல்லாப் பழுத்த தக்காளியையும் கூடுதல் வினாகிரியையும் சீனியையும் சேர்த்து, இரசாயனம் இல்லாமலே கெட்டுப்போகாத சோஸைச் செய்தது. இண்டைக்கு எங்கட நாக்குக்குப் பழகிப்போன அந்த இனிப்பும் புளிப்பும் போத்தல் நாள்பட நிக்க வேணும் எண்ட தேவையோடு சேர்ந்து வளர்ந்த ருசி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க. கடைசியில் இந்த இடத்துக்கு நாங்கள் கிறுகி வரவேணும்.

மலாய், இந்தோனேசிய மொழிகளில் "கெச்சாப்" எண்டால் இண்டைக்கும் சோயா சோஸ்தான். அந்தப் பக்கத்திலிருந்து எங்களுக்கு வந்த இன்னொரு சொல்லும் இருக்கு: சம்பல். மலாய், யாவா மொழிகளின் "சம்பல்", "சம்பெல்" எண்ட சொல்லோடுதான் அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். அங்க கொச்சிக்காயை அரைச்சுச் செய்யுற துவையல் அது. ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் சிப்பாய்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தான் இலங்கை மலாயர். தமிழ்நாட்டில் சட்னியும் துவையலும் இருக்க, எங்கட வாயில மட்டும் தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், மாசிச் சம்பல் எண்டு வருவதுக்குப் பின்னால அந்தக் கடல்வழி இருக்கு.

புளியந்தீவுக் கோட்டையும் போர் சிப்ஸும்

எங்கட வாவிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1602இல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கித்தான் கண்டி அரசன் முதலாம் விமலதர்மசூரியனைக் காணப் போனார். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து வருசத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடிச்சார்கள். இண்டைக்கு நாங்கள் செல்பி எடுக்கிற அந்தக் கோட்டை மதில், வாசனைத் திரவிய வியாபாரத்துக்காக இரண்டு ஐரோப்பிய வல்லரசுகள் அடிபட்டதின் மிச்சம்.

போனவங்க சொற்களை விட்டுட்டுப் போனாங்க. "பாண்" போர்த்துக்கேயச் சொல். சிப்ஸுக்கு ஊத்துற "வினாகிரி"யும் போர்த்துக்கேயச் சொல். சிங்களத்தில் உருளைக்கிழங்குக்கு "அர்த்தாபல்" எண்டு ஒரு பெயர் உண்டு. அது ஒல்லாந்தரின் "ஆர்ட்அப்பல்", அதாவது மண்ணுக்குள்ள விளையுற ஆப்பிள். போர்த்துக்கேய மொழியின் ஒரு கிளையைத் தங்கட வீட்டுமொழியாப் பேசுற பறங்கியர் குடும்பங்கள் மட்டக்களப்பில் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கட கோட்டையைப் பிடிச்ச அதே ஒல்லாந்தக் கம்பனிதான் யாவாவில் பத்தாவியாவையும் ஆண்டது. அந்த ஆட்சியின் எச்சத்தை நெதர்லாந்தின் சிப்ஸ் கடைகளில் பார்க்கலாம். அங்க விருப்பமா வாங்குற ஒரு வகைக்குப் பெயர் "பத்தாச்செ ஓர்லொக்". தமிழில் சொன்னால் போர் சிப்ஸ். பொரிச்ச கிழங்குக்கு மேல மயோனைஸ், இந்தோனேசிய சாத்தே எண்ட கச்சான் சோஸ், நறுக்கின வெங்காயம். போரை அனுபவிச்ச ஊர்க்காரருக்கு அந்தப் பெயரைக் கேட்கச் சிரிப்பு வராது. ஆனா அதுக்குள்ள இருக்கிற கச்சான் சோஸ் ஒரு உண்மையைச் சொல்லுது: ஆளப்பட்டவர்களின் ருசி ஆண்டவர்களின் தெருக்கடை வரைக்கும் போய்விட்டது.

மற்ற நாடுகளிலும் இதுதான் நடந்திருக்கு. பிரித்தானியாவில் 1860களில் மீனும் சிப்ஸும் சேர்த்து விற்கிற கடைகள் எழும்பின. அங்க முதல் வழக்கம் உப்பும் மோல்ட் வினாகிரியும். பின்னாளில் "கறி சோஸ்" ஊற்றின சிப்ஸும் வந்தது. 1949இல் பெர்லினில் ஹெர்த்தா ஹொய்வர் எண்ட பெண், தக்காளியோடு கறித்தூள் கலந்து சொசேஜுக்கு ஒரு சோஸ் செய்து விற்றார். போர் இடித்துப்போட்ட நகரத்தின் மலிவுச் சாப்பாடாகத் தொடங்கின அந்தக் கறிவுர்ஸ்ட், இண்டைக்கு ஜேர்மனி முழுக்க சிப்ஸோடு சேர்த்தே விற்கப்படுகிறது. "கறி" எண்ட சொல்லை ஐரோப்பியர் எங்கட பக்கத்து மொழிகளிலிருந்து, முக்கியமாத் தமிழிலிருந்து, எடுத்தார்கள் எண்டு அகராதிகள் சொல்கின்றன. பெர்லினில் அகதியாப் போய் இறங்கின எங்கட ஆக்கள் கடைப் பலகையில் அந்தச் சொல்லை வாசித்திருப்பார்கள்.

கனடாவின் கியூபெக்கில் 1950களில் பிறந்தது பூட்டீன்: சிப்ஸ், அதுக்கு மேல பாற்கட்டித் துண்டுகள், அதுக்கு மேல சுடச்சுட இறைச்சிக் குழம்பு. பெல்ஜியக்காரர் மாட்டுக் கொழுப்பில் இரண்டு தரம் பொரிச்சு மயோனைஸோடு தின்பார்கள். முதற் பொரியல் சூடு குறைவா, உள்ளே வேகிறதுக்கு. இரண்டாவது சூடு கூட்டி, வெளியே மொறுமொறுப்புக்கு. பிரெஞ்ச் பிரைஸ் தங்கட கண்டுபிடிப்பு எண்டு பெல்ஜியமும் பிரான்சும் இன்னும் முடியாத வழக்கு ஒண்டு வைச்சிருக்கின்றன.

இலங்கையும் சும்மா இருக்கவில்லை. பொரிச்ச உருளைக்கிழங்கைத் தட்டின கொச்சிக்காய், வெங்காயம், கறிமிளகாய் போட்டுப் பிரட்டினால் அது "டெவல்". காரம் கூடின சாப்பாட்டை "டெவில்" எண்டு ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பேர் அவங்கட, கை எங்கட.

மரவள்ளியை மறைச்சது யார்?

எங்கட பக்கத்துக்கு உருளைக்கிழங்கு இண்டைக்கும் வெளியூர்ச் சாமான்தான். இது குளிரான மலைநாட்டில், நுவரெலியா, வெலிமடைப் பக்கம் நல்லா விளையும். யாழ்ப்பாணத்திலும் குளிர்ந்த மாதங்களில் விளையும். மட்டக்களப்பின் மணலிலும் வெயிலிலும் விளையுற கிழங்கு மரவள்ளி. மொரீசியசிலிருந்து 1786இல் ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராஃப் காலத்தில் மரவள்ளி இந்தத் தீவுக்கு வந்தது. தண்ணி குறைஞ்சாலும் நிக்கும், ஏழை நிலத்திலும் விளையும், தேவைப்படுற வரைக்கும் மண்ணுக்குள்ளேயே விட்டு வைக்கலாம். பஞ்சத்துக்கு இதைவிட நல்ல கூட்டாளி இல்லை.

அதுதான் அதுக்கு வினையாகவும் போச்சு. 1970களின் தட்டுப்பாட்டுக் காலம், பாண் வரிசையும் அரிசித் தட்டுப்பாடும் இருந்த காலம், மரவள்ளியோடுதான் ஞாபகம் வைக்கப்படுகிறது. அதே காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் கொச்சிக்காயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பயிரிட்ட வடக்கு விவசாயிகள் நல்ல காசு பார்த்தார்கள். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து அந்தச் சந்தையை உடைச்சது. பிறகு யுத்தம். பாதை மூடின நாட்களில், சாமான் வராத நாட்களில், திரும்பவும் மரவள்ளி. 2022 நெருக்கடியில் எரிவாயுவும் மாவும் இல்லாதபோது, திரும்பவும் அதே கிழங்கு வளவுக்குள்ள எழும்பினது.

ஆகவே எங்கட அம்மாமாருக்கும் பெத்தம்மாமாருக்கும் மரவள்ளி எண்டால் ருசி மட்டும் ஞாபகம் வராது. இல்லாமையும் ஞாபகம் வரும். வந்த விருந்தாளிக்கு அதை வைக்கக் கூசுவார்கள். "கிழங்கைக் குடுத்து அனுப்பின எண்டு சொல்லப்போறாங்க கா" எண்ட அந்தக் கூச்சத்தை நாங்கள் லேசாக எடுக்கக்கூடாது. பசியை அறிஞ்சவங்கட கூச்சம் அது. ஆனா அந்தக் கூச்சத்துக்குள்ள ஒரு முழு அறிவும் சேர்ந்து புதைஞ்சு போகுது. மரவள்ளியில் இயற்கையாகவே சயனைட்டை உண்டாக்குகிற பொருள் இருக்கு. அதனால்தான் தோலை முழுசா உரிச்சு, பானையை மூடாமல் அவிக்கச் சொல்லுவாங்க. இஞ்சியோடு சேர்க்கக்கூடாது எண்டும் சொல்லுவாங்க. எந்தப் பள்ளிப் புத்தகமும் இல்லாமல் கைமாறி வந்த பாடம் இது.

அவிச்ச கிழங்குக்குத் தொட்டுத் தின்ன இடிச்ச சம்பல். செத்தல் கொச்சிக்காய், உப்பு, சின்ன வெங்காயம், இருந்தா மாசி, கடைசியா தேசிக்காய்ப் புளி. இதை சோஸ் எண்ட கண்ணால் ஒருக்காப் பாருங்க. மாவுச்சத்துக்கும் எண்ணெய்க்கும் எதிரா நிக்கப் புளி இருக்கு. நாக்கைத் தட்டி எழுப்ப உறைப்பு இருக்கு. அடிருசிக்குக் காய்ஞ்ச மீன் இருக்கு. அந்தப் பழைய ஹொக்கியன் மீன்சாறு செய்த வேலையைத்தான் மாசி செய்யுது. ஒரு நல்ல சோஸ் செய்ய வேண்டிய வேலை முழுக்க இந்த அம்மிக்கல்லில் ஏற்கெனவே நடந்து முடிஞ்சிருக்கு.

குடாவின் மெனு

இப்ப கடற்கரைக்கு வருவோம். 1966இல் இலங்கைச் சுற்றுலாச் சபை தொடங்கின பிறகு, 1970களில் பாசிக்குடா வெளிநாட்டவர் வருகிற கரையாயிற்று. பவளப்பாறை அலையைத் தடுக்கிறதால் தூரம் வரைக்கும் முழங்கால் தண்ணிதான். நீச்சல் தெரியாதவனும் கடலுக்குள்ள நடக்கலாம். 1978 நவம்பரில் சூறாவளி. 1983க்குப் பிறகு யுத்தம், கட்டிடங்கள் பாழாகின. 2004 டிசம்பர் 26 சுனாமி கல்குடாவை அடிச்சுக்கொண்டு போனது. 2009க்குப் பிறகு ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. தோணி ஏத்துற கரை சுருங்கிப்போச்சு எண்டு மீனவர்கள் முறைப்பட்டதும் இந்தக் காலத்தில்தான்.

சுற்றுலாக் கரைகளின் மெனுவில் பிரெஞ்ச் பிரைஸ் கட்டாயம் இருக்கும். அதுக்கும் காரணம் உண்டு. 1940களில் அமெரிக்காவின் ஐடஹோவில் சிம்ப்லொட் கம்பனி உறைய வைச்ச பிரைஸைச் செய்யப் பழகியது. 1960களில் மக்டொனால்ட்ஸ் அதை வாங்கத் தொடங்கின பிறகு, உலகத்தின் எந்த மூலையிலும் ஒரே நீளம், ஒரே நிறம், ஒரே ருசி சாத்தியமாயிற்று. பையை வெட்டிக் கொதி எண்ணெயில் போட்டால் சரி. சோஸும் அதே மாதிரி: மூடியைத் திறந்தால் சரி.

மேல ஞாபகம் வைக்கச் சொன்ன இடம் இதுதான். போத்தல் சோஸ் எங்கட சம்பலை ருசியில வெல்லவில்லை, நாள் கணக்கில வெண்டது. சோஸ் மாதக்கணக்கில் இருக்கும். இடிச்ச சம்பல் ஒரு நாள், கூடினால் இரண்டு நாள். தேங்காய் சேர்ந்தால் பின்னேரமே புளிச்சுப்போகும். சம்பலுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மனுசி இடிக்க வேணும், அந்தக் கைக்குச் சம்பளம் குடுக்க வேணும். மெனு எழுதுறவருடைய கணக்குப் புத்தகத்தில் போத்தல் மலிவு. "வெளிநாட்டவருக்கு உறைக்கும்" எண்டு சொல்லப்படுறது பாதிக் காரணம்தான். போர் சிப்ஸும் கறிவுர்ஸ்ட்டும் தின்னுற ஊர்களிலிருந்து வாறவங்களுக்கு எங்கட கச்சானும் கொச்சிக்காயும் அவ்வளவு புதுசு இல்லை.

ஆகவே "மயோவா கெச்சப்பா" எண்ட வாதத்தை நாங்கள் இப்படிக் கிறுப்பிப் போட விரும்புறம்: அந்தக் கிண்ணத்துக்குக் குடுக்கிற காசு எங்க போகுது? கொச்சிக்காய் இந்த மாவட்டத்தின் மேட்டுப்பயிர். கச்சான் எங்கட மணலில் விளையும். எருமைத் தயிருக்கு மட்டக்களப்பு பேர் போனது. தயிரைத் துணியில் கட்டித் தண்ணி வடிய விட்டு, உள்ளியும் மிளகும் உப்பும் சேர்த்தால் மயோனைஸுக்குப் பதில் சொல்லுற ஒரு வெள்ளைச் சோஸ் வரும். வறுத்த கச்சானைக் கொச்சிக்காயோடும் தேங்காய்ப்பாலோடும் அரைச்சுத் தேசிக்காய் பிழிஞ்சால், ஒல்லாந்தர் யாவாவிலிருந்து கொண்டுபோன சோஸுக்கு ஒரு மட்டக்களப்புச் சகோதரி. மரவள்ளியை விரல் நீளத்தில் வெட்டி, உப்புத் தண்ணியில் அவிச்சு, ஈரம் காய விட்டுப் பொரிச்சால் வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. பெல்ஜியக்காரரின் இரண்டு பொரியலில் முதலாவதின் வேலையை இந்த அவியல் செய்துவிடும்.

இதில் எங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கு. நாளைக்கு மரவள்ளிப் பிரைஸும் சம்பல் டிப்பும் ஆடம்பர மெனுவில் ஏறி, அதைக் காலமெல்லாம் இடிச்ச பெண்களுக்கு அந்தச் சமையலறையில் இடம் இல்லாமல் போகலாம். பசிச் சாப்பாடு நாகரிகச் சாப்பாடாக மாறின இடங்களில் இது நடந்திருக்கு. பேரும் செய்முறையும் மட்டும் மேலே ஏறினால் அது இன்னொரு கோட்டை பிடிச்ச கதைதான். கிழங்கு விளைவிச்சவருக்கும் சம்பல் இடிச்சவருக்கும் அந்த விலையில் பங்கு வரவேணும்.

சோஸ் எதுவும் ஒரு ஊரிலேயே பிறந்து அங்கேயே நிண்டதில்லை. சீனத்து மீன்சாறு அமெரிக்கத் தக்காளிப் போத்தலானது. யாவாவின் சம்பல் மட்டக்களப்பு அம்மியில் ஏறினது. தமிழின் கறி பெர்லின் தெருவுக்குப் போனது. இவ்வளவும் நடந்த உலகத்தில், கல்குடாவின் மேசையில் ஒரு கிண்ணம் இடிச்ச சம்பலை வெட்கப்படாமல் வைக்கிறது பெரிய புரட்சி ஒண்டும் இல்லை. அடுத்த முறை கடையில் பிரைஸ் வந்தால், "சம்பல் இருக்கா?" எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்க. நாலு மேசை கேட்டால், அஞ்சாவது மேசைக்கு யாராவது இடிக்கத் தொடங்குவாங்க.